உள்ளிருந்து பூட்டியிருந்த விமானம்

ஹால்வர் ஊரின் பள்ளிக்கூடப் பஸ்கள் பதினான்கும் ஜனவரி மாதத்துக் காலையில் மக்கர் பண்ணாமல் கிளம்பின என்றால் அதற்கு மார்லிஸ் டெர்வோதான் காரணம். மினசோட்டாவின் வட கோடியில் டீசலே கூழாகிப் போகிற குளிரில், அவள் விடியுமுன் ஷெட்டுக்கு வந்து ஒவ்வொரு இன்ஜினாகத் தட்டி எழுப்புவாள். ஐம்பத்தொரு வயது, குட்டையான உருவம், அகன்ற தோள். எந்த வண்டியும் சும்மா நிற்காது, நின்றால் ஒரு காரணம் இருக்கும், தேடினால் அது கிடைக்கும் என்பது அவள் கட்சி. முப்பத்துநாலு வயதில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தாள். சொந்தமாக ஒன்று இல்லை. சாலைகளைவிட ஏரிகள் அதிகமாக இருக்கிற அந்த மாவட்டத்தில், தண்ணீரில் இறங்கத் தெரியாத விமானம் பாதி விமானம்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய ஒன்று ஊருக்கு ஆறு மைல் தள்ளி, ஆர்லன் சுண்ட்வாலின் கொட்டகையில் இருபத்தேழு வருடமாக நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை விலைக்குக் கேட்டதில்லை.

அதைச் செய்தவர் ஆர்லனின் தம்பி டெல்மர், மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பதினோரு வருடம் அந்தக் கொட்டகையிலேயே பூட்டி முடித்தார். அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தலைக்கு மேல் ஒரே கண்ணாடி மூடி. அதற்குப் பின்னால் ஒரு கம்பத்தின் மேல் இன்ஜின். 1994 கோடை முழுவதும் டெல்மர் அதில் பறந்தார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கெட்டில்நெக் ஏரியில் இறங்கினார். அன்று ஏரியில் பனிமூட்டம். நண்பகலில் மூட்டம் விலகியபோது, ஏரி குறுகி ஆறாக வெளியேறுகிற கழுத்தில், நாணல்களுக்கு நடுவே விமானம் மிதந்துகொண்டிருந்தது. இன்ஜின் நின்றிருந்தது. கண்ணாடி மூடி உள்ளிருந்து பூட்டியிருந்தது. உள்ளே காபி பாதி இருந்த பிளாஸ்க், மிதவைச் சட்டை, ஒரு கையுறை. டெல்மர் இல்லை.

மூடியின் கொண்டிக்கு உள்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. ஷெரிஃபின் ஆள் காற்றுத் துளை வழியாக ஒரு வளைத்த கம்பியை விட்டு, அரைமணி நேரம் மல்லுக்கட்டி அதைத் திறந்தார். முக்குளிப்பவர்கள் நாலு நாள் தேடினார்கள். ஏரியின் நடுவில் இருநூறு அடி ஆழம். உடல் கிடைக்கவேயில்லை. பூட்டிய கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு மனிதன் எப்படி வெளியே போனான் என்று தேவாலயத்து நிலவறையில் காபி குடிக்கும்போது இன்றைக்கும் பேசுவார்கள்.

மார்லிஸ் ஏப்ரல் மாதம் ஆர்லனைப் பார்க்கப் போனாள். எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு உனக்கு அது?" என்றார்.

"ஓட்டத்தான். வேறெதுக்கு, ஆர்லன்?"

"நடந்ததெல்லாம் தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க விக்கலேன்னா சொல்லிடுங்க, நான் காபியக் குடிச்சிட்டுப் போறேன்."

அவர் ஜன்னல் வழியாகக் கெட்டில்நெக் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாலாயிரம் டாலர் குடு. எடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு, அத என் கண்ணுல படற மாதிரி இந்த ஏரியில இறக்காதே," என்றார்.

கொட்டகை உலர்ந்து கிடந்தது. தூசி விரல் கனத்துக்கு. டயர்கள் தட்டையாகி மண்ணோடு ஒட்டியிருந்தன. மார்லிஸ் ரப்பர் பட்டையைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். கொண்டியைப் போடாமல் சாத்தி, வெளியே பட்டையை மாட்டுவதுதான் அதை நிறுத்திவைக்கும் முறை. உள்ளேயிருந்து வந்த காற்று அவள் முகத்தில் பட்டது. வைக்கோலும் எலிப் புழுக்கையும் நாறுகிற கொட்டகையில், அந்தக் காற்று மட்டும் ஈரமான ஏரி வாசம் அடித்தது. அவள் ஒரு நிமிடம் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். ஆர்லன் கொட்டகைக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் கணவன் வெண்டல் சாலைப்பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன், எதையும் கிண்டலடிக்காமல் விடமாட்டான்.

"செத்தவனோட வண்டிய வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தறே."

"செத்தான்னு யாரு சொன்னா? காணாமப் போனவன்."

"அது இன்னும் மோசம். செத்தவனாவது திரும்பிவந்து சாவி கேக்க மாட்டான்."

"கேட்டா நீ குடு. நான் வேலையா இருப்பேன்."

வேலை கொஞ்சநஞ்சமல்ல. எரிபொருள் தொட்டிக்குள் பெட்ரோல் அரக்கு மாதிரி இறுகியிருந்தது. குழாய்களைத் தொட்டால் பிஸ்கட்டாக உடைந்தன. சக்கரங்களை மேலே மடக்கும் சங்கிலி துருப்பிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. இன்ஜினை முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டினாள். படகு வயிற்றில் இரண்டு இடத்தில் ஃபைபர் உரிந்திருந்ததைச் சுரண்டிப் புதிதாக ஒட்டினாள். டெல்மரின் வேலைப்பாடு அவளுக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு போல்ட்டும் ஒரே திசையில் பார்க்கும். கம்பெனி வரைபடத்தில் கொண்டிக்கு வெளிப்பக்கமும் ஒரு கைப்பிடி இருந்தது. அதற்குத் துளை போட்டால் தண்ணீர் உள்ளே கசியும் என்று அவர் விட்டுவிட்டார். வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால், "தேவையில்லை" என்று எழுதியிருந்தார். மார்லிஸுக்கும் அது சரியென்றே பட்டது.

ஜனவரியில் கண்ணாடி மூடியைச் சீர்பண்ண எடுத்தாள். பின் விளிம்பில், கொண்டிக்கு நேர் மேலே, வெளிப்பக்கம் கீறல்கள் இருந்தன. நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, சில ஆழமாக. விளிம்பின் ஃபைபரிலும் சிறு சிறு பள்ளங்கள். கொட்டகையில் ரக்கூன் ஏதாவது ஏறிப் பிறாண்டியிருக்கும் என்று நினைத்தாள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாள் வைத்து, பிறகு பாலிஷ் போட்டு, மூன்று மாலைகள் உட்கார்ந்து தேய்த்து எல்லாவற்றையும் போக்கினாள். பள்ளங்களைப் பிசினால் நிரப்பினாள். முடிந்தபோது விரலை வைத்துத் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. ரொம்பவும் சந்தோஷப்பட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குப் புரியாத ஒன்று இருந்தது. காலையில் கராஜுக்குப் போனால் கண்ணாடி மூடியின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். முழுவதும் அல்ல, இடது இருக்கைக்கு எதிரே, ஒரு தட்டு அகலத்துக்கு. துடைத்தால் மறுநாள் திரும்ப வரும். ஹீட்டரை இடம் மாற்றினாள். இருக்கைப் பஞ்சைப் பிய்த்தெறிந்து புதுசு வைத்தாள். அடிப்பாகத்தில் ஈரம் எங்கேனும் தங்கியிருக்கிறதா என்று குத்திக் குத்திப் பார்த்தாள். காரணம் கிடைக்கவில்லை. வெண்டலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். கிண்டல் எதுவும் வரவில்லை.

"ஹாட்டிஷ் ஆறிடும், சாப்பிட வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான்.

ஏப்ரலில் ஆவி தானாக நின்றுபோனது. ஜூலையில் விமானத்துறை ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்டில் அவள் பறந்தாள். சாதுவான விமானம், சொன்னபடி கேட்டது. ஊரைச் சுற்றியிருக்கும் ஏழெட்டு ஏரிகளில் இறங்கி ஏறினாள். கெட்டில்நெக்கில் மட்டும் இறங்கவில்லை.

அக்டோபர் எட்டாம் தேதி காலை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. கெட்டில்நெக்குக்கு மேலே பறக்கும்போது இன்ஜின் இரண்டு தடவை இருமியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அந்த ஏரிதான். ஆர்லனின் வீடு மறு கோடியில், அங்கிருந்து தெரியாது. அவள் இறங்கிவிட்டாள். தண்ணீரில் பாதி தூரம் ஓடியதும் இன்ஜின் நின்றது.

அவளுக்குக் காரணம் தெரியும். குளிர்ந்த ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். பத்து நிமிடம் காத்திருந்தால் உருகிவிடும். காத்திருந்தாள். அதற்குள் தண்ணீரின் மேலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, கரையை மறைத்து, மரங்களை மறைத்து, கடைசியில் இறக்கை நுனிகளையும் மறைத்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினாள். நாலாவது தடவையில் பேட்டரி முனகி அடங்கியது.

கார்புரேட்டரைத் தொட்டுப் பார்த்துவிடலாம் என்று மூடியைத் தூக்கி முட்டுக்கம்பியைக் கொடுத்தாள். மிதவைச் சட்டை உடம்பில் இருந்தது. கைபேசியை இருக்கையில் வைத்துவிட்டுப் பின்பக்கத் தளத்தில் ஏறி நின்றாள். அவள் கனத்துக்கு வால் அமுங்கியது, மூக்கு எழுந்தது, விமானம் ஒருமுறை ஆடியது. முட்டுக்கம்பி நழுவியது.

மூடி விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. 'ணக்' என்று ஒரு சத்தம்.

மார்லிஸ் குனிந்து அதைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. கொண்டியின் நாக்கு தானாகத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு விலையுள்ள கண்ணாடியை யாரும் உயரத்திலிருந்து தொப்பென்று விடமாட்டார்கள். எப்போதும் கையால் பிடித்து மெதுவாகத்தான் இறக்குவார்கள். மெதுவாக இறக்கினால் அது பூட்டுவதில்லை. அதனால் டெல்மருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

எல்லாம் அந்த ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கினாலும் கைகள் நிற்கவில்லை. விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே நகத்தை நுழைத்து நெம்பினாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நெம்பினாள். உள்ளே இருக்கையில் கைபேசியின் திரை ஒளிர்ந்தது. வெண்டலின் பெயர் தெரிந்தது. ஓசை கேட்கவில்லை. ஒளி அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது. அவள் பெல்ட் வளையத்தின் இரும்பு முனையால் கண்ணாடியைச் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே இருந்தவள், தன் கையைப் பார்த்தாள். கொண்டிக்கு நேர் மேலே, வெளிப்பக்கம், நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறல்கள் விழுந்திருந்தன.

ஜனவரியில் மூன்று மாலைகள் உட்கார்ந்து எதைத் தேய்த்து அழித்தோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பெல்ட்டை விட்டுவிட்டு அவள் தளத்தில் உட்கார்ந்துகொண்டாள். கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். இன்ஜினின் சூடு கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு அதுவும் போனது. சுற்றிலும் வெள்ளை. தண்ணீர் படகு வயிற்றில் மெல்ல மெல்லத் தட்டியது. காற்றே இல்லை, ஆனாலும் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீரில் மிதந்த ஒரு பிர்ச் இலை கூடவே வந்துகொண்டிருந்தது. கத்திப் பார்த்தாள். குரல் அவளுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டாவது தடவை கத்தியபோது அது தன் குரல் மாதிரியே இல்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை.

எப்போதோ ஒரு முறை, இடது பக்கம், கண்ணாடிக்குள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் நாணல்கள் சரசரவென்று அடிப்பாகத்தில் உரசின. விமானம் நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, விறைத்த காலோடு கரையேறினாள். ஆறு வெளியேறுகிற கழுத்து அது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கரையோர வீடொன்றிலிருந்து அவள் போன் பண்ணியதும் வெண்டல் லாரியோடு வந்து அவளைப் போர்வையில் சுற்றி ஹீட்டர் முன்னால் உட்கார வைத்தான். "போதும் மார்லிஸ். அத அப்படியே ஏரியில அமுக்கிடுவோம்," என்றான்.

"ஒரு கைப்பிடி, வெண்டல். ஒரே ஒரு கைப்பிடி இல்ல, அவ்வளவுதான்," என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

மூன்று நாள் யோசித்தாள். பூட்டிய கண்ணாடியின் மர்மத்தைத்தான் ஆர்லன் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார் என்று அவளுக்குப் பட்டது. மனிதக் கைக்கு எட்டாத ஏதோ ஒன்று தம்பியைக் கொண்டுபோயிருந்தால் யார் மேலும் தப்பில்லை. அதை அவரிடமிருந்து பிடுங்க வேண்டுமா? ஆனால் விமானம் எங்கே ஒதுங்கியது என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. அவளே போய்ச் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

ஆர்லன் அவளை உள்ளே விட்டார். காபி ஊற்றினார். அவள் கொண்டியைக் கழற்றி எடுத்து வந்திருந்தாள். மேசையில் வைத்து, கையால் தட்டிக் காட்டினாள். 'ணக்'. அவர் அதை வாங்கித் தானும் ஒருமுறை தட்டினார்.

"வெளிய வந்திருக்கான்," என்றார்.

"ஆமா. இன்ஜின் நின்னுருக்கும். பாக்க ஏறியிருப்பாரு. மூடி விழுந்திருக்கும்."

"நீ எவ்வளவு நேரம் மிதந்தே?"

மார்லிஸ் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"கேக்கறேன்ல. சொல்லும்மா."

"ரெண்டே முக்கா மணி."

அவர் தலையை ஆட்டினார். "நீரோட்டம் கழுத்துக்குத்தான் இழுக்கும். சும்மா உக்காந்திருந்தா கரைக்கு வந்திருப்பான்." கொஞ்சம் சிரித்தார். "டெல்மரா? அவனா உக்காருவான்? பஸ் அஞ்சு நிமிஷம் லேட்டானா பள்ளிக்கூடத்துக்கு நடக்க ஆரம்பிச்சிடுவான். மிதவைச் சட்ட போடுடான்னா, அது கழுத்த அறுக்குதும்பான். நீந்தப் பாத்திருப்பான்."

கொண்டியைக் கையில் புரட்டிக்கொண்டேயிருந்தார்.

"மார்லிஸ், நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு நான் படகுத்துறையில வலையக் காயப்போட்டுட்டு இருந்தேன். மூட்டத்துக்குள்ள லூன் பறவ கத்திச்சு. அது கத்தினா மனுஷன் கூப்பிடற மாதிரியேதான் இருக்கும், உனக்குத் தெரியும். ரொம்ப நேரம் கத்திச்சு. நான் வலையப் பிரிச்சிக்கிட்டே இருந்தேன்."

"அது தப்பில்லையே, ஆர்லன்."

"லூன் எல்லாம் அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தெக்க போயிடுச்சு. போனத நானே பாத்தேன்." அவர் கொண்டியை மேசையில் வைத்தார். "பாத்தது எனக்கு அன்னிக்கே ஞாபகம் இருந்துச்சு. மதியம் விமானம் உள்ள பூட்டியிருக்குன்னு சொன்னாங்க. அப்ப மூட்டத்துல கத்தினது அவனா இருக்காதுன்னு, அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. கேக்கவே அசிங்கமா இருக்கில்ல? என் தம்பி போயிட்டான், ஆனா எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

மார்லிஸ் எழுந்து அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வெளியே இருட்டும்வரை அங்கேயே இருந்தாள்.

வெளிக் கைப்பிடிக்கு அவள் துளை போட்டபோது ஆர்லன் வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கசியாமல் இருக்க இரண்டு ரப்பர் வளையங்கள் போதுமாக இருந்தன. அதே மாதிரி விமானம் வைத்திருப்பவர்கள் நாடு முழுக்க நாற்பது பேர் போல இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் படம் வரைந்து கடிதம் எழுதினாள். ஆர்லன்தான் உறைகளில் முகவரி எழுதினார். பதினோரு பதில்கள் வந்தன. விஸ்கான்சினிலிருந்து ஒரு பெண், தன் கணவர் துறையோரமாக நின்றிருந்தபோது அதே போல் மாட்டிக்கொண்டதையும், தான் கரையில் இருந்ததால் கயிறு வீசி இழுத்ததையும் எழுதியிருந்தாள். ஆர்லன் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தன்னிடமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அடுத்த அக்டோபரில் ஒரு காலை, பனிமூட்டம். எட்டு மணிக்கு மார்லிஸின் கைபேசி அடித்தது.

"லூன் எல்லாம் போயிடுச்சா?" ஆர்லன் கேட்டார்.

"போன வாரமே போயிடுச்சே. ஏன்?"

"இங்க கத்துது."

அவள் ஷெட்டில் இருந்தாள். எதிரே பஸ் ஒன்றின் இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. கைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். அவர் மூச்சு கேட்டது, துறையின் பலகைகளில் தண்ணீர் தட்டுவது கேட்டது. அதற்கு அப்பால் ஏதாவது இருந்ததா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"படகுல ஏறாதீங்க. நான் வர்றேன்," என்றாள்.

இருவரும் துடுப்புப் படகில் மூட்டத்துக்குள் போனார்கள். ஆர்லன் முன்னால் கயிறும் மிதவைச் சட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதரைக்கு மூட்டம் கலைந்தது. ஏரியில் எதுவும் இல்லை. அவள் அவரை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலையும் மூட்டம். கைபேசி அடிக்கவில்லை. அவளே லாரியை எடுத்துக்கொண்டு போனாள். ஆர்லன் துறையில் படகை அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.